துறை தெரியாதவர் எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இணைய விவாதங்களில் துறை வல்லுநர்கள் மட்டுமே பேச வேண்டும் என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அக்கறையில் எழுதியதுதான், ஆனால் களையோடு பயிரையும் பிடுங்கச் சொல்கிறார். படிக்காதவர் தாம் கண்டதைச் சொல்வது வேறு, தீர்வு சொல்வது வேறு.

வீட்டு மின்சாரத்தையே எடுத்துக்கொள்வோம். எம்சிபி (மின்னோட்டம் மிஞ்சினால் தானே விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று ஒருவர் கேட்கிறார். "16 ஆம்பியரைக் கழற்றிவிட்டு 32 போடுங்கள், எங்கள் வீட்டில் சரியாகிவிட்டது" என்று பதில் வருகிறது. எழுதியவர் பொய் சொல்லவில்லை. ட்ரிப் ஆவது நின்றுதான் போயிருக்கும். ஆனால் எம்சிபி முதலில் காப்பது சுவருக்குள் ஓடும் வயரை. மின்னோட்டம் இரு மடங்கானால் வயரில் உண்டாகும் வெப்பம் நான்கு மடங்காகும். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயருக்கு 32 ஆம்பியர் மிக அதிகம். அதன் சாதாரண பிவிசி உறை 70 டிகிரி செல்சியஸ் வரைக்கானது. உறை உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும், புதிய எம்சிபியோ விழாமல் நிற்கும்.

அதே விவாதத்தில் இன்னொருவர், "ஸ்விட்ச் போட்டதும் விழவில்லை, ஹீட்டரும் அயர்ன் பாக்ஸும் சேர்ந்து ஓடி கால் மணி நேரம் கழித்துத்தான் விழுகிறது" என்று மட்டும் எழுதினால், எலக்ட்ரீஷியனுக்குப் பாதி வேலை முடிந்துவிடும். ஷார்ட் சர்க்யூட் என்றால் எம்சிபிக்குள் இருக்கும் காந்தச் சுருள் உடனே துண்டித்துவிடும். சுமை மிஞ்சினால் அதிலுள்ள ஈருலோகத் தகடு சூடாகி வளைந்து துண்டிக்க நேரம் பிடிக்கும். வயரை இறுக்கும் டெர்மினல் திருகு தளர்ந்து சூடேறினாலும் இப்படித் தாமதமாக விழும். அந்தக் கால் மணி நேரத்தைக் கவனிக்கப் பட்டம் எதற்கு?

மருத்துவத்திலும் இதுதான். கொரோனா வந்துபோன பிறகும் களைப்பு மாதக்கணக்கில் நீடிப்பதை 2020இல் இணையத்தில் உரக்கச் சொன்னவர்கள் நோயாளிகளே. 'லாங் கோவிட்' என்ற பெயரும் அவர்களிடமிருந்து வந்ததுதான். ஆனால் "காய்ச்சல் இறங்காவிட்டால் இன்னும் இரண்டு பாராசிட்டமால் போடுங்கள்" என்று எழுதுபவருக்கு, கேட்டவர் ஏற்கெனவே விழுங்கிய சளி மாத்திரையிலும் அதே மருந்து இருப்பது தெரியாது. பெரியவர்களுக்கு ஒரு நாள் உச்ச அளவு பொதுவாக 4 கிராம். அதை மீறினால் கல்லீரல் கெடலாம், முதல் நாளில் பெரிதாக எதுவும் தெரியாமலும் போகலாம்.

பட்டமும் எல்லா இடத்துக்கும் உதவாது. 1954இல் வேதியியல் நோபல் பெற்ற லைனஸ் பாலிங், அதிக அளவு வைட்டமின் சி சளியைத் தடுக்கும் என்று 1970 முதல் வலியுறுத்தினார். பொதுமக்களிடம் நடந்த சோதனைகள் அதை உறுதிசெய்யவில்லை. துறை மாறிப் பேசும் மேதையின் தவறு நீண்ட நாள் நிற்கும், கேட்பவர் சந்தேகப்படுவதில்லை என்பதால்.

ஆகவே எழுதுகிறவர்கள் எழுதட்டும். எப்போது நடந்தது, எவ்வளவு நேரம், கூடவே வேறு என்ன ஓடியது, எதை மாற்றியும் பயனில்லை என்பதெல்லாம் வரட்டும். 'எனக்குச் சரியானது' என்று சொல்பவர், அதே சமயத்தில் வேறு எதையெல்லாம் மாற்றினார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தெரிந்தவர்கள் 'தெரியாமல் பேசாதே' என்று அதட்டாமல் காரணத்தை எழுத வேண்டும். சொன்னது தவறென்று பின்னால் தெரிந்தால் பதிலை அழித்துவிடாமல், அதன் மேலேயே திருத்தத்தைச் சேர்க்க வேண்டும். முன்பே படித்து அதன்படி செய்துவிட்டவர் திரும்பி வந்து பார்த்தால், அழித்த இடத்தில் அவருக்கு எந்த எச்சரிக்கையும் இருக்காது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்