தேர்தல் வந்தால் துப்பாக்கியை வாங்கி வைக்கும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும் காவல் கண்காணிப்பாளர் அவர்களுக்கும்,

வணக்கம். தேர்தல் தேதி அறிவித்த மறுநாள் காலையிலேயே ஸ்டேஷனிலிருந்து போன் வந்துவிட்டது. "துப்பாக்கியைக் கொண்டாந்து ஒப்படைச்சிருங்க." உரிமம் எதற்காக வாங்கியது, ஆள் எப்படிப்பட்டவர், மேலே வழக்கு ஏதும் உண்டா என்ற பேச்சே இல்லை. பட்டியலில் பேர் இருந்தால் போன். எல்லா உரிமதாரர்களிடமும் மொத்தமாக வாங்கி வைக்கும் இந்த வழக்கத்தை நிறுத்துங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

விதி என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆய்வுக் குழு கூடி, ஜாமீனில் இருப்பவர், குற்றப் பின்னணி உள்ளவர், முன்பு தேர்தல் கலவரத்தில் சிக்கியவர் என்று ஆள் ஆளாகப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்பதுதான் தேர்தல் ஆணையத்தின் அறிவுரை. காரணம் காட்டாமல் எல்லாரையும் ஒப்படைக்கச் சொல்லக் கூடாது என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 2024-இலும் சொன்னது. நடைமுறையில் ஆய்வுக் குழுவின் வேலையை ஸ்டேஷன் ரைட்டரின் போனே முடித்துவிடுகிறது.

2024 மக்களவைத் தேர்தலை நினைத்துப் பாருங்கள். மார்ச் 16 அன்று அறிவிப்பு. தமிழ்நாட்டில் ஏப்ரல் 19 அன்றே ஓட்டுப் போட்டு முடித்துவிட்டோம். ஆனால் வட மாநிலங்களில் கட்டம் கட்டமாக வாக்குப்பதிவு நடந்து, ஜூன் 4-இல் எண்ணி முடிக்கும் வரை எங்கள் துப்பாக்கிகள் ஸ்டேஷனிலேயே கிடந்தன. கிடந்தன என்றுதான் சொல்ல வேண்டும். கழுத்தில் சீட்டுக் கட்டி, சுவரோரம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். எண்ணெய்த் துணி காட்ட ஆளில்லை. திரும்பி வந்தபோது என் ஒற்றைக்குழல் துப்பாக்கியின் குழலுக்குள் துரு, கட்டையில் கீறல். துருப்பிடித்த குழலில் தோட்டா போட்டுச் சுட்டால் அது வெடித்துச் சுடுகிறவன் முகத்திலேயே அடிக்கலாம். யாரிடம் கேட்பது? ரசீதில் எண் மட்டும்தான் இருந்தது, கொடுத்தபோது எந்த நிலையில் இருந்தது என்று ஒரு வரி இல்லை. இதே துப்பாக்கியை வீட்டில் பூட்டி வைக்காமல் மூலையில் சாய்த்து வைத்திருந்தால் என் உரிமம் என்ன ஆகியிருக்கும் என்பதையும் நீங்களே சொல்லுங்கள்.

பொறுப்பு எங்களுக்கும் உண்டு. 2016 ஆயுத விதிகள் பாதுகாப்புப் பயிற்சி கேட்கின்றன, பத்திரமாகப் பூட்டி வைக்கச் சொல்கின்றன. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, கல்யாண வீட்டில் கொண்டாட்டம் என்று அஜாக்கிரதையாகச் சுட்டு யாருக்காவது ஆபத்து உண்டாக்கினால் 2 ஆண்டு வரை சிறை. சரிதான். தற்காப்பு உரிமைக்கும், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் எல்லை போட்டிருக்கின்றன. தேவைக்கு மேல் சேதம் விளைவிக்கக் கூடாது, போலீசைக் கூப்பிட அவகாசம் இருந்தால் கூப்பிட வேண்டும். தேங்காய் திருடிக்கொண்டு ஓடுகிறவனை முதுகில் சுட்டால் அது கொலை வழக்குதான். இரவில் வீட்டை உடைத்து உள்ளே வருகிறவன் விஷயம் வேறு, அங்கே சட்டம் நம் பக்கம் நிற்கிறது. ஆனால் அந்த இரவில் துப்பாக்கி ஸ்டேஷனில் இருக்கிறதே!

பல்லடம் பக்கம் சேமலைக்கவுண்டம்பாளையத்தில் 2024 நவம்பரில் தோட்டத்து வீட்டில் மூன்று பேர் கொலை. 2025-இல் நம் மாவட்டத்துச் சிவகிரி பக்கம் ஒரு முதிய தம்பதி கொலை. அதற்கப்புறம் தோட்டத்துச் சாளைகளில் ராத்திரி நாய் குரைத்தால் யாரும் படுத்திருப்பதில்லை. வீட்டுக்கு வீடு துப்பாக்கி கொடுங்கள் என்று நான் கேட்க மாட்டேன். அசந்து தூங்கும் முதியவர் வீட்டில் துப்பாக்கி இருந்தால் திருடனுக்குக் கிடைப்பது கூடுதலாக ஒரு துப்பாக்கி, அவ்வளவுதான். நீங்களே விசாரித்து, தகுதி உண்டென்று உரிமம் கொடுத்தவர்களைப் பற்றித்தான் பேசுகிறேன்.

இன்னொன்று. மலையோரத்தில் கள்ளத் துப்பாக்கி வைத்திருப்பவனுக்கு ஸ்டேஷனிலிருந்து போன் போவதில்லை, அவன் நம்பர் பட்டியலில் இல்லை. பன்றிக்கு அவுட்டுக்காய் (கடித்தால் வெடிக்கும் நாட்டு வெடி) வைக்கிறவனும் தேர்தலுக்காக அதை ஒப்படைக்க வருவதில்லை. வங்கிக் காவலாளிக்கு விலக்கு உண்டு, துப்பாக்கி சுடும் விளையாட்டு வீரருக்கு விலக்கு உண்டு. எந்த வேட்பாளரின் வெற்றியை நான் சுட்டு வீழ்த்திவிடுவேன் என்று பயப்படுகிறீர்கள்? ஈரோடு கிழக்குத் தொகுதியில் மட்டும் 2023, 2025 என்று இரண்டு இடைத்தேர்தல். இத்தனை தேர்தலுக்கும் துப்பாக்கியை வெளியே வைப்பதென்றால் உரிமக் கட்டணத்திலாவது கழித்துக் கொடுங்கள்.

கோபத்தில் நீண்டுவிட்டது, மன்னிக்கவும். கேட்பது சின்ன விஷயம்தான். ஆய்வுக் குழுவைக் கூட்டுங்கள். ஒப்படைக்க வேண்டியவருக்குக் காரணத்தோடு எழுத்தில் உத்தரவு கொடுங்கள், மற்றவர்களை விட்டுவிடுங்கள். வாங்கி வைக்கும் துப்பாக்கிகளைத் தனித்தனியாக நிறுத்தும் தாங்கியில் வையுங்கள். துப்பாக்கி எந்த நிலையில் வந்தது என்பதை ரசீதில் எழுதி இரு தரப்பும் கையெழுத்திடச் செய்யுங்கள். முடிவு வந்த ஒரு வாரத்துக்குள் திருப்பித் தரச் சொல்லுங்கள்.

போனில் சொன்னபடி வரும் திங்கட்கிழமை கொண்டுவந்து கொடுத்துவிடுவேன். குழலைத் துடைத்து, எண்ணெய் போட்டு, நாலு பக்கமும் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். அதன் பிரதி ஒன்றை ரசீதோடு சேர்த்து வைத்துக்கொள்ள உங்கள் ஆட்களிடம் சொல்லிவிட்டால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
உரிமம் பெற்ற ஒரு விவசாயி,
ஈரோடு மாவட்டம்