இரண்டு பெயர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய லிஸ்பன் வீட்டு ஒப்பந்த நகலைப் படித்துவிட்டேன். பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்து மொழிபெயர்ப்பில் போட்டு, தமிழ் புரியாத இடத்தில் இங்கிலீஷில் போட்டு, கண்ணெரிச்சலோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அம்மா போனைப் பிடுங்கி வைத்துவிட்டாள். "சும்மா ஒரு தடவை பாருங்கப்பா" என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தாய். பத்திரத்தைச் சும்மா பார்க்க எனக்கு வராது என்று தெரிந்துதானே அனுப்பினாய்.

முதலில் சரியாக இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். பதிவுத் தாளுக்கு நீ கொடுத்த குறியீட்டைப் போட்டேன், திண்ணையில் உட்கார்ந்தபடியே லிஸ்பன் வீட்டின் வில்லங்கம் முழுக்க வந்துவிட்டது. நம்ம ஊரிலும் இப்போது ஈ.சி ஆன்லைனில் வருகிறதுதான், ஆனால் இது சுத்தமாக இருக்கிறது. விற்கிறவர் பெயரில் ஒரு பேங்க் அடமானம் நிற்கிறது, பார்த்தாயா? பத்திரம் முடிகிற அன்றே அந்த பேங்க் அடமானத்தை விடுவிக்கிற தாளைக் கையில் வாங்க வேண்டும், "அடுத்த வாரம் தருகிறோம்" என்றால் கையெழுத்துப் போடாதே. இன்னொன்று, வரி ஆபீஸ் தாளில் 64 சதுர மீட்டர், பதிவுத் தாளில் 58. அங்கே இது சகஜம் என்று உன் ஏஜென்ட் சொல்லுவார். சகஜம்தான். பட்டாவில் ஒரு அளவு, பத்திரத்தில் ஒரு அளவு என்று இங்கே நான் பார்க்காததா? சகஜமென்று விட்டவர்கள்தான் பின்னால் கோர்ட்டுக்கு அலைந்தார்கள். தெற்குத் தெரு விவகாரம் உனக்கு மறந்திருக்காது.

முன்பணத்தைப் பற்றிய ஷரத்து ஒழுங்காக இருக்கிறது. நீங்கள் பின்வாங்கினால் போட்ட பணம் போச்சு, அவர் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும். இது நல்ல சட்டம். ஆனால் பேங்க் கடன் தராவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு வரி கூட இல்லை. கடன் மறுக்கப்பட்டால் முன்பணம் திரும்ப வர வேண்டும் என்று எழுதச் சொல். ஏஜென்ட் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும், அவருக்கு விற்கிறவர்தான் கமிஷன் கொடுக்கிறார்.

சரி. "நீங்கள்" என்று எழுதினேன் இல்லையா. வாங்குபவர் என்ற இடத்தில் இரண்டு பெயர் இருக்கிறது. ஒன்று உன்னுடையது, அப்பா பெயரெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. இரண்டாவது பெயர் நாலு சொல் நீளம். இரண்டுக்கும் பக்கத்தில் மணமாகாதவர், வயது வந்தவர் என்று போட்டிருக்கிறது. நான் எதுவும் கேட்கவில்லை. பத்திரம் எழுதுகிறவன் இரண்டு பேர் வந்து உட்கார்ந்தால் கேட்கிற முதல் கேள்வியை நான் உன்னிடம் கேட்கவில்லை.

ஆனால் பங்கை எழுத வேண்டும். யார் எவ்வளவு போடுகிறீர்களோ அந்தக் கணக்குப்படி உனக்கு இத்தனை, அவருக்கு இத்தனை என்று பத்திரத்திலேயே வர வேண்டும். எழுதாமல் விட்டால் அந்த நாட்டுச் சட்டம் சரிபாதி என்றே எடுத்துக்கொள்ளும். கடன் விஷயம் வேறு. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால் ஒருத்தர் கட்டாவிட்டாலும் பேங்க் மற்றவரிடம் முழுசாக வாங்கும். அங்கே நிறையக் கடன்களுக்கு வட்டி யூரிபோரோடு, அதாவது ஐரோப்பிய பேங்குகள் தங்களுக்குள் கடன் கொடுக்கிற வட்டியோடு, ஏறி இறங்குவது. 2022 தொடக்கத்தில் அது பூஜ்யத்துக்கும் கீழே கிடந்தது, அடுத்த வருஷமே 4 விழுக்காட்டைத் தொட்டது. தவணை அப்படி ஏறுகிறபோது இரண்டு பேருக்குள் மனஸ்தாபம் வந்தால் என்ன செய்வாய் என்று யோசித்துப் பார்.

35 வயது வரை முதல் வீடு வாங்குகிறவர்களுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து அந்த வாங்கும் வரியும் முத்திரை வரியும் விலக்கு. 3 லட்சம் யூரோவுக்குச் சற்று மேலே வரை முழு விலக்கு, உங்கள் விலை அதற்குள் வருகிறது. உன் பங்குக்குக் கட்டாயம் கிடைக்கும். அவர் 35 தாண்டியிருந்தால் அவர் பங்குக்குக் கிடைக்காது. அவர் வயது எனக்குத் தெரியாது.

கட்டிடம் 1909 என்று போட்டிருக்கிறது. 1951க்கு முந்தியது என்பதால், குடியிருக்கலாம் என்று நகராட்சி தருகிற அந்த உபயோக உரிமம் வேண்டாம் என்று ஏஜென்ட் சொன்னது சரி. ஆனால் நான் பயப்படுவது அதற்கு இல்லை. 1755 பூகம்பத்துக்குப் பிறகு லிஸ்பனில் சுவருக்குள் மரக்கூண்டு வைத்துக் கட்டினார்கள், அவை பலமானவை. நூறு வருஷம் கழித்து வந்தவர்கள் அதே கூண்டை ஒப்புக்குச் செய்து, கட்டையைக் குறைத்து, மாடியை ஏற்றி விற்றார்கள். உன் கட்டிடம் அந்தக் காலத்துக் கட்டிடம். 2024 ஆகஸ்டில் 5.3 அளவுக்கு ஆடினபோது விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்ததை நீயே சிரித்துக்கொண்டு சொன்னாய், அம்மா அன்று முழுக்க சாப்பிடவில்லை. கட்டிட எஞ்சினியர் ஒருவரைக் கூட்டிப் போய்க் காட்டு. கீழ் வீட்டுக்காரர் கடைக்காக நடுச்சுவரை இடித்திருக்கிறாரா என்று குறிப்பாகக் கேள். படத்தில் படுக்கை அறை ஜன்னல் ஓரம் மட்டும் புது பெயிண்ட் அடித்திருக்கிறது, கீழே பூசணம் இருக்கும், கையால் தொட்டுப் பார்.

அங்கே குடியிருந்த அம்மாள் காலி செய்துவிட்டார்களா? இரண்டு வருஷத்துக்கு மேல் குடியிருந்தவருக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு. அவர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த தாள் இருக்கிறதா?

வடக்குக் கொல்லை விற்ற பணம் அப்படியே இருக்கிறது. 10 லட்சம் ரூபாய் வரை அனுப்பினால் தொந்தரவு இல்லை, அதற்கு மேலே போகிற தொகைக்கு இங்கே பேங்கே 20 விழுக்காடு வரி பிடித்து வைக்கும், ரிட்டர்ன் போட்டுத்தான் திரும்ப வாங்க வேண்டும். அனுப்புகிறேன். அது உன் பங்கில் சேர வேண்டும். அதனால்தான் பங்கை எழுது என்கிறேன், வேறு எதற்கும் இல்லை.

இன்னொன்றும் படித்தேன், பொதுவாகத் தெரிந்து வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். கல்யாணம் பண்ணாமல் இரண்டு வருஷத்துக்கு மேல் சேர்ந்து குடித்தனம் செய்பவர்களுக்கென்று அங்கே 2001-இல் ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். ஒருவர் போய்விட்டால் மற்றவர் அந்த வீட்டில் குறைந்தது ஐந்து வருஷம் இருக்கலாம். ஆனால் போனவர் பங்கு தானாக இவருக்கு வராது, உயில் எழுத வேண்டும். உங்களுக்கு அது பொருந்துமா பொருந்தாதா, நான் என்ன கண்டேன்.

மரத்தடியில் ஸ்டூல் போட்டு அடுத்தவர் வீட்டுக்கெல்லாம் பத்திரம் எழுதினவன் மகள் லிஸ்பனில் கிரயம் பண்ணுகிறாள். மாமாவிடம் கூடச் சொல்லவில்லை. சொன்னால் அடுத்து என்ன கேட்பார் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒன்பதாயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு ஒரு ஒப்பந்தத்தை அனுப்பி அப்பா தானாகவே கண்டுபிடித்துக்கொள்ளட்டும் என்று நினைத்தாயே, அது எனக்குக் கொஞ்சம் வலித்தது. அம்மாவிடம் நான் அந்தப் பக்கத்தை மட்டும் காட்டவில்லை. அவள் ஏற்கெனவே அந்தப் பெயரை அடுப்படியில் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், என்னைவிட நன்றாகவே வருகிறது. எப்போது சொன்னாய் அவளிடம்?

நோட்டரி பத்திரத்தை வாய்விட்டுப் படிப்பார், புரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளரை உட்கார வைக்க வேண்டும். உனக்குப் போர்த்துகீசியம் போதும் என்று வீறாப்பாக இருக்காதே. உன்னோடு சேர்ந்து வாங்குகிறவர் படித்துச் சொல்லுவார் என்றும் நம்பிவிடாதே, அவரும் அதில் ஒரு கட்சி.

ஞாயிற்றுக்கிழமை இங்கே சாயங்காலம் வீடியோவில் வா, எனக்கு வீட்டைப் பார்க்க வேண்டும், அந்த ஜன்னல் ஓரத்தையும். தனியாகத்தான் வர வேண்டும் என்று இல்லை.

அப்பா

பி.கு: கட்டிட சங்கத்துக்குப் பாக்கி உண்டா இல்லையா என்ற தாளை விற்கிறவர் கொடுக்க வேண்டும், 2022 சட்டம். அப்புறம் பங்கு. எழுத்தில்.