ராஜிக்கு: கிளட்ச் மிதி இல்லாத சின்ன வண்டி பற்றி

கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள ராஜி,

உன் கடிதம் கிடைத்தது. பேரனுக்குப் பெயர் வைத்த செய்தியும், உன் மகள் புனலூரில் வீடு கட்டிக் குடியேறிய செய்தியும் மகிழ்ச்சி தந்தன. முழங்கால் வலியை இரண்டு வரியில் முடித்துவிட்டுக் கார் பற்றி இரண்டு பக்கம் கேட்டிருக்கிறாய்; நானும் அதே அளவில் பதில் எழுதுகிறேன். மருத்துவர் சொன்ன பயிற்சிகளை விடாமல் செய். இனி கார்.

செங்கோட்டையிலிருந்து மகள் வீட்டுக்கு நீயே ஓட்டிப் போக வேண்டும், கிளட்ச் மிதிப்பது இடது காலுக்கு ஆகவில்லை, பெட்ரோலுக்கு நிறையச் செலவழிக்கவும் மனமில்லை, ஆகவே தானே கியர் மாற்றிக்கொள்ளும் ஏ.எம்.டி. கியர் வைத்த சின்ன வண்டி சரிப்படுமா என்பதுதானே உன் கேள்வி? சரிப்படும் என்றே நினைக்கிறேன். ஆனால் உன் வீட்டுக்கும் மகள் வீட்டுக்கும் நடுவில் ஒரு மலை இருக்கிறது. எனக்கோ பாலக்காடு, பொள்ளாச்சி, கோயம்புத்தூர் என்று எந்தப் பக்கம் போனாலும் பெரும்பாலும் சமதரைதான். ஆகையால் என் அனுபவத்தை அப்படியே உனக்குப் பொருத்தாமல், மலைக்கு வேண்டியதைத் தனியே சொல்கிறேன்.

அந்தக் கியர் பெட்டிக்குள் நடப்பதை முதலில் தெரிந்துகொள், ஏனென்றால் அதன் நல்லதும் கெட்டதும் அங்கிருந்தே வருகின்றன. நீ இப்போது ஓட்டும் வண்டியில் இருக்கும் அதே கியர்பாக்ஸும் அதே கிளட்ச் தட்டும்தான் இதிலும் இருக்கின்றன. உன் இடது காலும் இடது கையும் செய்துவந்த வேலையை மட்டும் எண்ணெய் அழுத்தத்தாலோ மின்மோட்டாராலோ இயங்கும் ஒரு கருவி செய்கிறது. வண்டியின் வேகத்தையும், ஆக்சிலரேட்டரை நீ எவ்வளவு அழுத்துகிறாய் என்பதையும் பார்த்து, எப்போது கியர் மாற்றுவது என்று ஒரு சின்னக் கணினி முடிவு செய்கிறது. சாதாரண கியர் வண்டியைவிட இதற்கு ஐம்பதாயிரம் ரூபாயை ஒட்டித்தான் கூடுதல் விலை. பெரிய வண்டிகளில் வரும் டார்க் கன்வெர்ட்டர், சி.வி.டி. போன்ற வேறு வகைத் தானியங்கி கியர்களுக்கு ஒரு லட்சத்துக்கு மேலும் ஆகும் என்பதால்தான் சின்ன வண்டிக்காரர்கள் எல்லோரும் இதன் பக்கம் சாய்ந்தார்கள். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் வகையில், ஓட்டுநர் கதவைத் திறந்ததும் மெல்லிய இரைச்சல் ஒன்று கேட்கும். பம்ப் அழுத்தம் ஏற்றிக்கொள்ளும் சத்தம் அது. பழுது என்று எண்ணிப் பட்டறைக்கு ஓடிவிடாதே.

நம் நாட்டுக் கார்களில் இந்த ஏற்பாடு முதலில் வந்தது 2014 பிப்ரவரியில், டெல்லியை அடுத்த கிரேட்டர் நொய்டா கார் கண்காட்சியில் அறிமுகமான மாருதி செலேரியோவில். கருவி இத்தாலிய நிறுவனமான மாக்னெட்டி மரெல்லியுடையது. மறு ஆண்டே 624 சிசி நானோ காருக்குக்கூட இதைப் பொருத்திவிட்டார்கள். ஒரகடத்தில் தயாராகும் க்விட் காரில் 2016-இல் வந்தபோது கியர் கோலையே எடுத்துவிட்டு, டாஷ்போர்டில் திருகும் குமிழ் வைத்தார்கள். 2018-இல் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வந்த சான்ட்ரோ காரில் எண்ணெய்க்குப் பதில் மின்மோட்டார். ஐரோப்பாவில் 1998-லேயே, 600 சிசிக்கும் குறைந்த எஞ்சினோடு வந்த ஸ்மார்ட் என்ற இரண்டு பேர் காரில் இத்தகைய கியர்தான் இருந்தது. அந்த வண்டியைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் குறை சொன்னதும் இந்தக் கியரைத்தான்.

அந்தக் குறை இதுதான். கியர் மாறும் கணத்தில் கிளட்ச் விலகுகிறது, எஞ்சினின் இழுவை அறுபடுகிறது, பிறகு மீண்டும் சேர்கிறது. உள்ளே இருப்பவர்களின் தலை லேசாக முன்னே போய்ப் பின்னே வருகிறது. முதலிலிருந்து இரண்டுக்கும், இரண்டிலிருந்து மூன்றுக்கும் மாறும்போது இது நன்றாகத் தெரியும். அதற்கு மேல் அவ்வளவாகத் தெரியாது. ஆக்சிலரேட்டரை அழுத்திக்கொண்டே இருந்தால் ஆட்டம் கூடும். கியர் மாறப்போகிறது என்று எஞ்சின் ஓசையிலிருந்து தெரிந்ததும், கிளட்ச் மிதிப்பதற்கு முன் செய்வோமே, அதுபோல வலது காலைச் சற்றே தளர்த்தினால் மாறியதே தெரியாது. நீ நீண்ட காலம் கியர் வண்டி ஓட்டியவள், உனக்கு இது ஒரு வாரத்தில் பழகிவிடும். நேரடியாக இதிலேயே ஓட்டக் கற்றுக்கொண்ட பிள்ளைகளுக்குத்தான் இது வெகுநாள் பிடிபடுவதில்லை.

மைலேஜ் குறையும் என்று உன் அண்ணன் சொன்னதை நம்பாதே. அவர் நினைப்பது பழைய டார்க் கன்வெர்ட்டர் வண்டிகளை. அவற்றில் எண்ணெய் வழியே விசை கடத்தப்படும்போது கொஞ்சம் வீணாகும். இதில் கிளட்ச் முழுதாகப் பிடித்துக்கொள்வதால் அந்த இழப்பு இல்லை. முதல் செலேரியோவில் சாதாரண கியர், ஏ.எம்.டி. இரண்டு வகைக்கும் ஒரே அளவாக லிட்டருக்கு 23.1 கிலோமீட்டர் என்று சான்றிதழ் இருந்தது. 2021-இல் வந்த புதிய செலேரியோவில் ஏ.எம்.டி. வகைக்கு 26.68 வரை கொடுத்திருக்கிறார்கள், அது சாதாரண கியருக்குக் கொடுத்ததைவிட அதிகம். நாம் மறந்துபோய் மூன்றிலேயே இழுத்துக்கொண்டு போகும் இடத்தில் கணினி முன்கூட்டியே நான்குக்கு மாற்றிவிடுகிறது, அதுதான் காரணம். இந்த எண்கள் சோதனைக்கூடத்தில் உருளைகளின் மேல் ஓட்டி அளந்தவை. ஏசி போட்டுக்கொண்டு பாலக்காட்டு ஊருக்குள் போய்வரும் எனக்குப் பதினெட்டுக்கும் இருபதுக்கும் நடுவில் கிடைக்கிறது, பொள்ளாச்சி சாலையில் அதற்கு மேல்.

ஊருக்குள் இதற்கு இணை இல்லை. பாலக்காட்டில் சுல்தான்பேட்டைச் சந்திப்பிலும், கோயம்புத்தூர் உக்கடத்திலும் வண்டிகள் அங்குலம் அங்குலமாக நகரும்போது, பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் போதும், வண்டி தானே மெதுவாக ஊர்ந்துபோகும். சில பழைய வண்டிகளில் இந்த ஊர்தல் வசதி கிடையாது, வாங்கும்போது பார்த்துக்கொள். சிக்னலில் நீண்ட நேரம் நிற்க நேர்ந்தால் நியூட்ரலுக்கு மாற்றிவிடு, கிளட்சுக்கு நல்லது. இன்னொன்று, இடது காலை ஓரமாக வைத்து அதை மறந்துவிடு. பழைய பழக்கத்தில் கிளட்ச் என்று எண்ணி இடது காலால் அமுக்கினால் விழுவது பிரேக் மீது, அதுவும் முழு பலத்தோடு. பின்னால் வருகிறவர் நம்மை வாழ்த்த மாட்டார்.

எங்கள் பக்கத்துச் சாலைகளில் எனக்கு எரிச்சலூட்டுவது முந்திச் செல்வதுதான். கோபாலபுரம் வரை இரண்டு வழிச் சாலை. முன்னால் தேங்காய் லாரியோ கள் ஏற்றிய வேனோ போய்க்கொண்டே இருக்கும். எதிரே இடம் கிடைத்ததும் ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தினால், வண்டி ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் கியரைக் குறைத்து இழுக்கிறது. ஆயிரம் சிசியை எட்டாத மூன்று சிலிண்டர் எஞ்சினுக்கு அந்த ஒரு கணம் பெரிது. அதனால் லாரிக்குப் பின்னால் இருக்கும்போதே கோலை, கியரை நாமே தேர்ந்தெடுக்கும் 'எம்' என்ற நிலைக்குத் தள்ளி, மூன்றாவது கியரை நானே எடுத்து வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் வெளியே வருகிறேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் மாதங்களில், எண்ணூறு கிலோவை ஒட்டிய எடை உள்ள இந்த வண்டியை லாரியின் மறைவிலிருந்து வெளியே வந்ததும் காற்று பக்கவாட்டில் தள்ளும் என்பதும் நினைவிருக்க வேண்டும். அது கியரின் குற்றமில்லை, சின்ன வண்டி எல்லாவற்றுக்கும் பொது.

இப்போது உன் மலைக்கு வருகிறேன். புளியரை தாண்டி எஸ் வளைவில் ஏறும்போது, கேரளாவுக்குப் போகும் சரக்கு லாரிகள் வரிசையாக நிற்கும், அதிலும் ஐயப்பன் சீசனில் கேட்கவே வேண்டாம். அந்த ஏற்றத்தில் நின்று நின்று கிளம்புவதுதான் இந்தக் கியருக்கு உண்மையான சோதனை. பலர் பிரேக் போடாமல், ஆக்சிலரேட்டரை அரைகுறையாக அழுத்தியே வண்டி பின்னால் போகாமல் பிடித்து வைக்கிறார்கள். அப்போது கிளட்ச் தட்டு பாதி ஒட்டியும் ஒட்டாமலும் உராய்ந்துகொண்டே இருக்கிறது. சில நிமிடங்களில் கருகிய நாற்றம் வரும், அடிக்கடி செய்தால் தட்டு தேய்ந்து கைச்செலவு வைக்கும். நீ ஹேண்ட் பிரேக்கை இழுத்து நிறுத்து. கிளம்பும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தி, வண்டி முன்னே இழுப்பதை உணர்ந்த பிறகு ஹேண்ட் பிரேக்கை விடு. காலைப் பிரேக்கிலிருந்து எடுத்தபின் ஓரிரு நொடி வண்டியைப் பின்னால் போக விடாமல் பிடித்து வைக்கும் ஹில் ஹோல்ட் என்ற வசதி புதிய வண்டிகள் பலவற்றில் இருக்கிறது. உன் வழிக்கு அது கட்டாயம் வேண்டும்; வேறு அலங்காரம் எதை விட்டாலும் இதை விடாதே.

கோட்டைவாசலைத் தாண்டி ஆரியங்காவு, தென்மலை என்று இறங்கும்போது கோலை, வண்டியே கியர் மாற்றிக்கொள்ளும் டி-யிலேயே விட்டுவிட்டால், ஆக்சிலரேட்டரைத் தொடாத வண்டிக்கு எதற்குக் கீழ் கியர் என்று கணினி மேலே மேலே மாற்றிவிடும்; பாரம் முழுவதும் பிரேக் மேல் விழுந்து பிரேக் சூடேறும். எம்-இல் போட்டு இரண்டிலோ மூன்றிலோ இறங்கு, எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். ஏற்றத்திலும் அப்படித்தான், டி-யில் விட்டால் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் முடிவு செய்ய முடியாமல் மாறி மாறித் தலையாட்டும், எம்-இல் இரண்டிலேயே வைத்தால் அமைதியாக ஏறும். வேகம் மிகவும் குறைந்துவிட்டால் எம்-இலும் அதுவே கியரை இறக்கிக்கொள்ளும், எஞ்சின் நின்றுவிடுமோ என்ற பயம் வேண்டாம். நிறுத்தும்போது இந்த வண்டிகளில் பார்க்கிங்கென்று தனி நிலை கிடையாது. மகள் வீட்டுச் சரிவில் ஏற்றம் பார்த்து நிறுத்தினால் டி-யிலும், இறக்கம் பார்த்து நிறுத்தினால் ரிவர்ஸ் நிலையான ஆர்-இலும் வைத்து எஞ்சினை அணைத்து, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்துவிடு. நியூட்ரலில் விட்டுவிட்டு இறங்காதே.

கடைசியாக, உன் தெருவில் ஒருவர் விற்கப்போகும் ஏழு வருடத்து வண்டி. விலை குறைவு என்பதற்காக மட்டும் அவசரப்படாதே. கிளட்ச் தேய்ந்த ஏ.எம்.டி.யை எல்லாப் பட்டறையிலும் சரிசெய்ய முடியாது. புதுத் தட்டு போட்டபின், அது எந்த இடத்தில் பிடிக்கிறது என்பதைக் கணினிக்குக் கற்றுக்கொடுக்க ஸ்கேனர் கருவி வேண்டும். பம்ப் கெட்டால் செலவு இன்னும் கூடும். பேட்டரி இறங்கிவிட்டால் பழைய வண்டியைப்போல் நாலு பேர் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம் என்ற கதையும் இதில் நடக்காது, ஆகவே பேட்டரியின் வயதைக் கேள். சர்வீஸ் சீட்டுகளில் அந்தப் பம்ப் எண்ணெயைப் பார்த்ததாகக் குறிப்பு இருக்கிறதா என்று தேடு. எல்லாவற்றுக்கும் மேலாக, முன்பணம் கொடுப்பதற்கு முன் அந்த வண்டியை எஸ் வளைவுக்கு ஓட்டிப் போய், ஏற்றத்தில் நிறுத்தி நாலைந்து முறை கிளம்பிப் பார். எஞ்சின் அலறியும் வண்டி நகரத் தயங்கினாலோ, உதறினாலோ, கருகிய வாசனை வந்தாலோ, நன்றி சொல்லிவிட்டுத் திரும்பி வா. அப்படியானால் ஹில் ஹோல்ட் உள்ள புதியதையே வாங்கு, உன் ஓய்வூதியம் அதைத் தாங்கும். சோதித்துப் பார்த்ததும் என்ன நடந்தது என்று எனக்கு எழுது. சீட்டுகளின் நகலையும் சேர்த்து அனுப்பினால் நானும் ஒருமுறை பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
கமலம்