சின்னவனைப் பின்னால் தள்ளியது நல்லதுக்குத்தான்

மச்சான்,

இங்கே எல்லாரும் நலம். இத்தனை நாள் பதில் போடாததற்கு நேரில் திட்டிக்கொள்.

கால்பந்து அணியில் சின்னவனை முன்வரிசையிலிருந்து தூக்கி சென்டர் பேக்காக, அதாவது நடுப் பின்வரிசைத் தற்காப்பு ஆட்டக்காரனாகப் போட்டுவிட்டார்கள் என்று குரல்பதிவு குரல்பதிவாகப் புலம்பியிருக்கிறாய். இதில் அழ என்ன இருக்கு? நம்ம சிங்கப்பூர் அணியின் இர்ஃபான் ஃபாண்டியும் முன்னால் ஆடிக்கொண்டிருந்தவர்தான். பின்னால் வந்த பிறகு தாய்லாந்து கிளப் வரை ஆடப் போனார். கோல் அடிக்க முடியாதாம்! 1998இல் ஹனோய், தென்கிழக்காசிய நாடுகளின் டைகர் கிண்ண இறுதியாட்டம், வியட்நாமுக்கு எதிராக 1-0. போட்டவர் நம்ம சசிகுமார், தற்காப்பு ஆட்டக்காரர். அதுவும் முதுகில் பட்டு!

முன்னால் ஆடிப் பழகியவனுக்குப் பாயும் புத்தி இருக்கும், அதை முதலில் விடச் சொல். எதிரணிக்குப் பெனால்டி அப்படித்தான் போகும். எதிராளி பந்தோடு வந்தால் நேருக்கு நேர் நிற்காமல் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, முட்டியை மடக்கி, ஒரு கை நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இடம் விட்டு, அவனை ஓரக்கோட்டுப் பக்கம் ஒதுக்கிக்கொண்டே பின்வாங்கணும். கண் பந்தில் இருக்கட்டும். தோள் பொய் சொல்லும். பந்து அவன் காலை விட்டு நீளமாக உருளும்போதுதான் டேக்கிள், அதாவது கால் நீட்டிப் பந்தைப் பறிப்பது.

எதிரணி பந்தைப் பின்னால் தட்டினால் நாலு பேரும் சேர்ந்து மேலே ஏறணும். பந்து வைத்திருப்பவன் நெருக்கடி இல்லாமல் தலை தூக்கினால் உடனே இறங்கணும். ஒருத்தன் தூங்கிப் பின்னால் நின்றாலும், எதிராளியை ஆஃப்சைடில் மாட்டவைக்கிற நம்ம வரிசை போச்சு.

தேசிய சேவைக்கு, அதாவது கட்டாயப் படைச் சேவைக்கு, 2 வருஷம் போகுதே என்று கவலைப்படாதே. தற்காப்புக்காரர்கள் மெதுவாகத்தான் தேறுவார்கள். சிங்கப்பூர்த் தற்காப்பு ஆட்டக்காரர் டேனியல் பென்னட் 35 வயதைத் தாண்டியும் ஆடினார்.

எனக்குப் பயம் முட்டிதான், மச்சான். பாதம் தரையில் பதிந்திருக்க உடம்பு திரும்பினாலோ, தலையால் முட்டிவிட்டு இறங்கும்போது முட்டி உள்பக்கம் மடங்கினாலோ ஏசிஎல் என்கிற முட்டித் தசைநார் கிழியும். இர்ஃபானுக்கே 2022 கடைசியில் அதுதான். அறுவை செய்தால் 9 மாதமாவது மைதானத்துக்கு வெளியே. அவசரப்பட்டு இறங்கினால் மறுபடி கிழியும். ஃபிஃபா 11+ என்று ஒரு பயிற்சி வரிசை இருக்கு, 20 நிமிடம். ஓட்டம், தொடைப் பின்தசைக்கு வலு, ஒற்றைக்கால் சமநிலை, குதித்து இறங்குவது எல்லாம் அதில் அடக்கம். வாரம் இரண்டு தடவையாவது செய்யணும். ‘லேட்டாயிடுச்சு’ என்று தாண்டுகிற பையனைத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

ஒப்பந்தம் வந்தால், காயப்பட்ட மாதங்களுக்குச் சம்பளம் உண்டா, அறுவைக்கு யார் பணம் கட்டுவது, இரண்டையும் எழுத்தில் கேள். கையெழுத்துப் போடுமுன் எனக்கு அனுப்பு. மணியிடம் காட்டாதே, அவன் படிக்காமலே ‘போடு’ என்பான்.

குமார்