22 சென்டிமீட்டர் நூல்

அன்புள்ள கண்ணு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் கண்ணுக்கு இப்போது சொட்டு மருந்து மட்டும்தான். மல்கோவா இன்னும் மார்க்கெட்டில் சரியாக இறங்கவில்லை.

ஐந்து ஞாயிறாக உன் போன் இல்லை. வேலை இருக்கும், தெரியும். நான் எழுதுவது அதற்கில்லை. பேச்சுப்போட்டியில் நீ வாங்கிய உலக உருண்டையைப் பரணிலிருந்து இறக்கினேன், அதைச் சொல்லத்தான். ஆப்பிரிக்கா பக்கம் ஒடுங்கியிருந்தாலும் நன்றாகச் சுற்றுகிறது. அம்மா பூ கட்டும் நூலை அதன் இடுப்பில் சுற்றினால் 63 சென்டிமீட்டர். அது 40,000 கிலோமீட்டர். அப்புறம் பெங்களூரில் ஒரு விரல், உன் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு விரல் வைத்து நூலை இழுத்துப் பிடித்தேன். சுவர் மேப்பில் ஜப்பான் பக்கமாகக் கடலைத் தாண்டுவதுதானே நேர்வழி? இதில் நூல் அங்கே நிற்கவே இல்லை. வழுக்கி மேலே ஏறி அலாஸ்கா, சைபீரியா வழியாக உட்கார்ந்துகொண்டது. 22 சென்டிமீட்டர். 14,000 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 2021 ஜனவரியில் ஏர் இந்தியா பெண் விமானிகள் துருவத்துக்கு மேலே ஓட்டி பெங்களூர் வந்தார்களே, பேப்பரை போட்டோ எடுத்து அனுப்பினேனே, அந்த வழி இதற்கும் கொஞ்சம் மேலே. நிற்காமல் வந்தால் 17 மணி நேரம். பெங்களூரிலிருந்து நம் வீடு நாலரை மணி நேரம், தொப்பூர் கணவாயில் லாரி எதுவும் கவிழாமல் இருந்தால்.

உன்னை வரச் சொல்லவில்லை. கணக்குச் சொல்கிறேன். பாஸ்போர்ட் எப்போது முடிகிறது என்று மட்டும் பார்த்து வை. அத்தனை நேரம் காலைத் தொங்கப்போட்டு உட்காரக் கூடாது, எழுந்து நடக்கணும். தண்ணீர் குடிக்கணும்.

ஓமலூர் சித்தியிடம் நூலைக் காட்டினேன். "இவ்வளவு தூரத்தில் ஒண்டியாக இருக்கிறாளே, தைரியக்காரி" என்றாள். பெருமையாகத்தான் இருந்தது. ஐந்து ஞாயிறைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. சொல்லும்படியா வைத்திருக்கிறாய்?

29 வருஷம் ஏற்காடு பஸ் ஓட்டியவன் நான். மொட்டை மாடியில் நின்றால் மலை விளக்கு தெரிகிறது. காக்காய் பறந்தால் 15 கிலோமீட்டர் வராது. ரோட்டில் 30, கொண்டை ஊசி வளைவு 20, ஒரு மணி நேரம்.

அப்பாயி ஏற்காட்டுக்குப் பக்கத்தில் நாகலூரில் படுத்திருந்த நாலு மாதமும் நான் அந்த ரூட்டில்தான் சிங்கிள் அடித்தேன். லீவு கிடைக்கவில்லை என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். கிடைத்தது கண்ணு. தோட்டத்தைச் சித்தப்பா பேருக்கு எழுதிய கோபம். ஏற்காட்டில் நிறுத்தி, டீ குடித்து, வண்டியைத் திருப்பிக்கொண்டு இறங்கிவிடுவேன். ஒருநாள் ஆள் மூலமாக ஒரு பை ஆரஞ்சு கொடுத்துவிட்டாள். இன்ஜின் பேனட் மேல் வைத்தேன். பழம் சூடேறி, அடிவாரம் வரைக்கும் முகத்துக்கு நேராகத் தோல் வாசனை. சேலத்தில் பையோடு கண்டக்டரிடம் கொடுத்துவிட்டேன். அடுத்த வாரம் நான் நாகலூர் போனபோது வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள்.

அன்றைக்குப் போனில் உன்னிடம் பேசியதும் அதே வாய்தான். நீ சொன்ன அவரைப் பற்றி அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

இங்கே ராத்திரி எட்டரை என்றால் உனக்குக் காலை எட்டு. அந்த நேரம் நான் மாடியில்தான் இருப்பேன், போனும் கையில் இருக்கும். அம்மாவுக்கு இந்த ஆரஞ்சு விஷயம் தெரியாது.

பாஸ்போர்ட் தேதியைப் பார்.

அப்பா