வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இன்றைய மிகைபுனைவு எழுத்தாளர்கள் பழைய தொன்மப் பாத்திரங்களை ஏன் மறுபடி அழைத்து வருகிறார்கள் என்ற ஒரே கேள்வியோடு இந்த ஆண்டைக் கழிப்பதாகச் சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தோம். 12 கூட்டங்கள் திட்டமிட்டு 10 நடத்தினோம். புத்தகங்கள் நேரத்துக்கு வராததால் இரண்டு நடக்கவில்லை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

அதிகம் பேசியது ஜீன் லுவென் யாங்கின் 'அமெரிக்கன் பார்ன் சைனீஸ்' (2006) பற்றித்தான். படக்கதைதானே என்று சிலர் தயங்கினார்கள். பிறகு அவர்களே இரண்டாவது கூட்டம் கேட்டார்கள். 16ஆம் நூற்றாண்டுச் சீன நாவலான 'மேற்குப் பயணத்தின்' குரங்கு அரசன் இதில் வருகிறான். காலில் செருப்பில்லை என்று தேவலோக விருந்தின் வாசலிலேயே அவனைத் தடுத்துவிடுகிறார்கள். ஊர் திரும்பியவன், இனி குரங்குகள் எல்லாம் செருப்புப் போட வேண்டும் என்று ஆணையிடுகிறான். இன்னொரு பக்கம், அமெரிக்கப் பள்ளியில் படிக்கும் சீனக் குடும்பத்துப் பையன், வெள்ளைக்கார மாணவன் ஒருவனைப் போலத் தன் முடியைச் சுருட்டிக்கொள்கிறான். அந்தப் பையனின் கதை மட்டும் இருந்திருந்தால் பரிதாபப்பட்டுவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருப்போம். மலையையே புரட்டக்கூடியவன் ஒரு செருப்புக்காகக் கூனிப்போவதைப் பார்த்த பிறகுதான் அந்த அவமானத்தின் அளவு எங்களுக்குப் புரிந்தது. கடைசியில் ஒரு துறவியோடு பயணம் கிளம்பும்போது குரங்கு அரசன் செருப்பைக் கழற்றிவிடுகிறான். அந்தப் பக்கத்தை வாசித்து முடித்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

ஹெலீன் வெக்கரின் 'தி கோலெம் அண்ட் த ஜின்னி' (2013) நாவலில் யூத மரபின் கோலெம் என்ற உயிர்பெற்ற களிமண் பெண்ணும் அரபு மரபின் ஜின் என்ற நெருப்பு ஆவியும் 1899இன் நியூயார்க்கில் சந்திக்கிறார்கள். இருவருக்கும் தூக்கம் கிடையாது, அதனால் இரவெல்லாம் நடந்து வாதிடுகிறார்கள். அவள் தன் இயல்பை அடக்கிக்கொள்கிறாள், அவன் முரண்டு பிடிக்கிறான். புலம்பெயர்ந்த குடும்பத்தில் பிறந்த உறுப்பினர் ஒருவர், தனக்குள்ளேயே இந்த இருவரும் குடியிருப்பதாகச் சொன்னார்.

அனான்சி பற்றிய கூட்டத்தில் கடும் வாக்குவாதம். கானாவின் அக்கான் மக்களுடைய இந்தச் சிலந்தி, அடிமைக் கப்பல்களில் கரீபியத் தீவுகளுக்குப் போய்ச் சேர்ந்தவன். மற்றவர்கள் அவனை எடுத்து எழுதலாமா, கூடாதா? இரு கருத்துகளும் குறிப்பேட்டில் உள்ளன. என் கருத்து: யாரும் எழுதலாம். ஆனால் அவனுடைய தந்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்தக் கப்பலை விட்டுவிட்டால், கையில் மிஞ்சுவது அவன் பெயர் மட்டும்தான்.

ஒரு குறை. ஆங்கிலப் பதிப்புகளையே நம்பியிருந்ததால், ஆங்கிலம் வாசிக்காத உறுப்பினர்களுக்குச் சுருக்கம்தான் கிடைத்தது. இது சரியல்ல. வரும் ஆண்டில் முக்கியப் பகுதிகளைத் தமிழில் பெயர்த்து முன்கூட்டியே தரவும், ஒவ்வொருவரும் தம் வீட்டில் கேட்ட ஒரு தொன்மக் கதையை, கேட்டபடியே எழுதிக் கொண்டுவரவும் செயற்குழு பரிந்துரைக்கிறது. இரண்டுக்கும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

நன்றி.
செயலாளர்