வாங்கியவர்களுக்கும், வாங்காமல் போன ஒருவருக்கும்

எங்கள் பள்ளிக்கூடத்து வயலிலும் கொட்டகையிலும் வெள்ளம் புகுந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. தண்ணீர் வடிந்துவிட்டது, கொட்டகைக்கு மறுபடியும் கூரை வந்துவிட்டது, பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் வேளாண் தொழில் வகுப்பு நின்றுபோகவில்லை. அதற்குக் காரணமானவர்களுக்கு இன்றைக்கே நன்றி சொல்லிவிட வேண்டும்.

மண்வெட்டியோடு வந்து சேறு அள்ளிய பெற்றோர்களுக்கு, சொட்டுநீர்க் குழாய் கொடுத்தவருக்கு, ஆய்வகத்து பி.எச். மீட்டரை (புளிப்பை அளக்கும் கருவி) எங்களிடமே விட்டுவைத்த வேதியியல் ஆசிரியருக்கு, எங்கள் பாடவேளையைக் கேட்டு வாங்காமல் இருந்த மற்ற ஆசிரியர்களுக்கு (இது சின்ன உதவி இல்லை, பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும்). விதை கொடுத்தவர்களுக்கும்தான். அதில் சில பொட்டலங்கள் ரொம்பப் பழையவை, ஆனாலும் வீணாகவில்லை. ஒவ்வொன்றிலும் பத்து விதையை எடுத்து ஈரத்துணியில் சுற்றி வைத்து, எத்தனை முளைக்கிறது என்று எண்ணி, முளைப்பு குறைவாக இருந்ததைக் கொஞ்சம் நெருக்கமாக விதைத்தார்கள். ஒரு பாடம் அதிலேயே முடிந்தது.

இனி, பிள்ளைகள் விற்ற தக்காளி சாஸை வாங்காமல் போன அந்த அம்மாவைப் பற்றி.

வயலில் காய்த்துக் கிடந்த தக்காளியை எல்லாம் கொட்டினோம். கழுவினால் போதாதா டீச்சர் என்று பிள்ளைகள் கெஞ்சினார்கள். போதாது. வெள்ளத் தண்ணீரில் சாக்கடையும் கலந்திருக்கும், என்னென்ன ரசாயனமோ கலந்திருக்கும், அது பட்ட காயை யாருக்கும் சாப்பிடக் கொடுக்கக் கூடாது. அப்புறம் வெளியிலிருந்து தக்காளி வாங்கி, சாஸ் காய்ச்சி, பாட்டிலில் அடைத்து, ஒரு மேசை போட்டு விற்றார்கள். நீங்கள் வந்தீர்கள். விலையைக்கூடக் கேட்காமல் எடுத்துக்கொண்டு, மீதி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அந்தப் பணத்தில்தான் கூரை வந்தது, மறக்க மாட்டோம்.

அந்த அம்மா மட்டும் பாட்டிலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். சேர்மானப் பட்டியலில் உப்பு ஏன் முதலில் இருக்கிறது, எடையில் எது அதிகமோ அதைத்தானே முதலில் போட வேண்டும் என்றார். அப்புறம் கணக்கு நோட்டைக் கேட்டார். 25 சதவீத லாபம் வைத்திருக்கிறோம் என்று ஒரு பையன் பெருமையாகச் சொன்னான். "எதன் மேல் 25, தம்பி?" என்றார். அவன் முழித்தான். அடக்கம் 80, விலை 100 என்றால் செலவின் மேல் அது 25, விலையில் பார்த்தால் 20தான், இரண்டையும் குழப்பினால் தள்ளுபடி கொடுக்கும்போது கையைச் சுடும் என்று மேசை ஓரத்திலேயே எழுதிக் காட்டினார். "விலையைச் சரியாகப் போடுங்கள், அப்போது வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு வாங்காமலே போய்விட்டார். பிள்ளைகளுக்கு முகம் வாடிவிட்டது. எனக்கும் கொஞ்சம் கோபம்தான்.

ஆனால் மறுநாள் பள்ளிக்கே வந்தார். சின்னதாக ஒரு உணவுத் தயாரிப்புக்கூடம் நடத்துகிறாராம், அதைக்கூட நாங்கள் கேட்ட பிறகுதான் சொன்னார். பெஞ்சில் பிள்ளைகளோடு உட்கார்ந்து நோட்டை முதல் பக்கத்திலிருந்து பிரித்தார். தக்காளி, சர்க்கரை, வினிகர், பாட்டில், லேபிள் எல்லாம் எழுதியிருந்தார்கள். எரிவாயு இல்லை. உடைந்த பாட்டில்கள் இல்லை. ருசி பார்க்கக் கொடுத்தது இல்லை. இத்தனை பேர் நின்று கிளறிய நேரம் எங்கேயும் இல்லை. "நாளைக்கு நீங்கள் பரீட்சைக்குப் போய்விட்டால் யார் கிளறுவது? அவருக்குக் கூலி யார் கொடுப்பது?" என்று கேட்டார். தக்காளியில் ஏறத்தாழ 94 சதவீதம் தண்ணீர், கெட்டியாகும்வரை காய்ச்சினால் கொதித்ததில் பாதிக்கு மேல் ஆவியாகிவிடும், அதனால் வாங்கிய எடையை வைத்து அடக்கம் போடாதே, பாட்டிலுக்குள் போன எடையை வைத்துப் போடு என்றார். எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. அடுத்த முறை எங்கள் வயல் தக்காளிதான், அதற்குச் செலவே இல்லை என்று ஒரு பெண் சொன்னாள். "அதைப் பழமாகவே விற்றிருந்தால் காசு வந்திருக்கும் இல்லையா? அந்தக் காசுதான் செலவு" என்றார். விட்டுப்போனதை எல்லாம் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால் 80 என்று எழுதியிருந்த இடத்தில் 100ஐத் தாண்டி நிற்கிறது. அதாவது நீங்கள் கூடுதலாகக் கொடுத்திராவிட்டால் ஒவ்வொரு பாட்டிலுக்கும் நஷ்டம்.

அவர் குறை சொன்னது பணத்தில்தான். சுத்தத்தில் ஒரு குறையும் சொல்லவில்லை. ஒவ்வொரு முறை சாஸ் காய்ச்சியபோதும் பி.எச். 4.6க்குக் கீழே இருக்கிறதா என்று பார்த்து எழுதியிருந்தார்கள். தக்காளி அந்தக் கோட்டுக்குப் பக்கத்திலேயே நிற்கிற பழம், அதைத் தாண்டினால் மூடிய பாட்டிலுக்குள் பாட்டுலிசம் என்கிற ஆபத்தான நச்சு நோயைத் தரும் கிருமி வளர வழியுண்டு, புளிப்பு ஏறினால் பி.எச். இறங்கும், அதனால் வினிகர் சேர்ப்பது ருசிக்காக மட்டும் இல்லை. அந்தப் பக்கத்தைப் பார்த்துத் தலையாட்டினார். அவ்வளவுதான் பாராட்டு. பிள்ளைகள் நாள் முழுக்க அதையே பேசிக்கொண்டிருந்தார்கள்.

இரக்கப்பட்டு வாங்கியவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை, நீங்கள் இல்லை என்றால் கூரையே இல்லை. ஆனால் கஷ்டப்பட்ட பிள்ளைகள் என்று எல்லோரும் தட்டிக்கொடுத்த நேரத்தில் அவர்களை வியாபாரிகளாக நினைத்துக் கேள்வி கேட்டவர் அவர் ஒருவர்தான். பதினாறு வயதில் அப்படி ஒருவர் கேட்டால் முதுகு தானாக நிமிர்கிறது, கண்ணால் பார்த்தேன்.

இனிமேல் எங்கள் நோட்டில் கூலிக்கு ஒரு பத்தி இருக்கும், யாரும் கூலி வாங்காவிட்டாலும் இருக்கும். எத்தனை பாட்டில் விற்றால் போட்டது திரும்பும் என்று கணக்குப் போட்டுக் காட்டாமல் அடுப்பைப் பற்றவைக்க விடமாட்டேன். விலை ஏறும், காரணம் கேளுங்கள், பிள்ளைகளே சொல்வார்கள்.

அம்மா, உங்களுக்கு ஒரு பாட்டில் எடுத்து வைத்திருக்கிறோம். இலவசம் இல்லை, புது விலைதான்.

மற்றவர்களும் அடுத்த விற்பனைக்கு வாருங்கள். மீதிச் சில்லறையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சாஸ் பிடிக்கவில்லை என்றால் வாங்க வேண்டாம், ஏன் பிடிக்கவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள். அதை எழுதிவைக்க மேசையில் ஒரு நோட்டு இருக்கும்.